கருந்துளையும் கருதலளவையும்

யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று தருக என மலர்க்குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியனாகிய யான் இலக்கணத்தையோ இலக்கியத்தையோ பற்றி எழுதுவேன் என்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். யான் எடுத்துக்கொண்ட பொருளோ கருந்துளை. பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழை மட்டும் உடைய ஒருவனுக்கு இத்துறையிற் புகுவதற்கு என்ன உரிமை உண்டு எனப் பௌதிகவியல் கற்பிக்கும் நண்பர்கள் வினவலாம். உரிமை பற்றி எழுதவில்லை. ஒரு பிழை செய்தேன்; அதன் பொருட்டு எழுதுகின்றேன்.

சில மாதங்களுக்கு முன் மாணவரின் சுவர்ப் பத்திரிகையில் விஞ்ஞானச் செய்திக்கென விடப்பட்ட இடம் வெறுமையாய்க் கிடந்தது. செய்தித்தாள் ஒன்றிற் படித்ததை நம்பி, "நாம் வாழும் உலகம் ஒரு பரப்பில் எழுதப்பட்டவற்றின் நிழலே என விஞ்ஞானிகள் கண்டுபிடித்துள்ளனர்" என்று என் கையாலேயே எழுதி ஒட்டினேன். மறுநாள் உயர்தர வகுப்புக் கணிதப் பிரிவு மாணவன் ஒருவன் ஆசிரியர் அறை வாயிலில் வந்து நின்றான்.

"ஐயா, அது எங்கள் உலகத்தைப் பற்றியதல்லவே."

"பின் எந்த உலகத்தைப் பற்றியதடா?"

"வேறு விதமாக வளைந்த ஒரு வெளியைப் பற்றியது, ஐயா. எங்கள் உலகம் விரிந்துகொண்டு போகிறது. அந்தக் கணக்கு இதற்கு அப்படியே பொருந்தாது."

அவன் பணிவாகத்தான் சொன்னான். எனக்கோ அன்று நண்பகல் உணவு செல்லவில்லை. பின்னர் விடுமுறை முழுவதும் இப்பொருள் பற்றிக் கிடைத்தவற்றைத் தேடிப் படித்தேன். விளங்கிய அளவில் ஈண்டுத் தருகின்றேன்.

நமது கல்லூரி நூலகத்தை நினைத்துக்கொள்க. அதனுள் எத்தனை நூல்களை வைக்கலாம் என்பது அறையின் கனவளவைப் பொறுத்தது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் இருமடங்காக்கினால் எண்மடங்கு நூல்கள் கொள்ளும். கருந்துளையில் இவ்வாறன்று. அதனுள் எவ்வளவு தகவல் அடங்கும் என்பதை அதன் மேற்பரப்பே வரையறுக்கின்றது; இருமடங்கு பெருத்தால் நான்மடங்கே கொள்ளும். சுவரில் எழுத இடமுள்ள அளவிற்குத்தான் உள்ளே நூல் வைக்கலாம் என்பது போன்றது இது. யாக்கோப் பெக்கன்ஸ்ரைன் என்பவர் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த காலத்தில், 1972 இல், கருந்துளைக்கும் எந்திரப்பி உண்டு, அது மேற்பரப்பைப் பொறுத்தது என்றார். ஸ்ரீபன் ஹோக்கிங் முதலில் அதனை மறுத்தார். மறுப்பதற்கெனக் கணக்கிடப் புகுந்தவர், கருந்துளை வெப்பத்தை உமிழ்கின்றது என 1974 இல் தாமே கண்டு, மேற்பரப்பில் நான்கிலொரு பங்கு என அளவையும் வரையறுத்தார். மறுத்தவரே நிறுவியவராதல் கல்வியுலகிற் காணக்கிடைக்கும் நற்காட்சிகளுள் ஒன்று.

ஆயினும் அவ்வெப்பத்தை எவரும் அளந்திலர். சூரியனளவு திணிவுடைய கருந்துளையின் வெப்பநிலை, ஒரு கெல்வினைக் கோடி கூறிட்ட ஒரு கூற்றினுங் குறைவு. விண்வெளி எங்கும் பரந்துள்ள நுண்ணலைக் கதிர்ப்பே 2.7 கெல்வின் ஆகும். நடுப்பகலில் மின்மினியைத் தேடுவதை இதனோடு ஒப்பிடவும் இயலாது.

எந்திரப்பி என்பது உள்ளே எத்தனை விதமான அடுக்குகள் இருத்தல் கூடும் என்பதன் எண்ணிக்கையைக் குறிப்பது. கருந்துளையில் அடுக்கப்படுவது யாது? இவ்வினாவிற்கு இழைக்கோட்பாட்டினர் ஒரு விடை தந்தனர். பொருள்களின் அடிப்படை புள்ளிகளல்ல, அதிரும் நுண்ணிழைகள் என்பது அவர் கொள்கை. கல்கத்தாவிற் பிறந்த அசோக் சென் 1995 இல் ஒருவகைக் கருந்துளைகளை இழைகளின் நிலைகளோடு ஒப்பிட்டு வழிகாட்டினார். அவ்வாண்டிலேயே பொல்சின்ஸ்கி என்பார், இழைகளின் நுனிகள் பற்றி நிற்கும் சவ்வுகளின் இயல்பை விளக்கினார். (ஆங்கிலத்தில் இதனைப் 'பிரேன்' என்பர். மூளையா ஐயா என ஒரு மாணவன் கேட்டான். உயிரியலில் நாம் மென்சவ்வு என வழங்கும் சொல்லின் தலையை வெட்டி ஆங்கிலேயர் இப்பெயரை ஆக்கினர். நமக்குச் சவ்வு என்பதே போதும்.) 1996 இல் ஸ்ரோமிஞ்சர், வாஃபா எனும் இருவரும் அச்சவ்வுகள் கொள்ளத்தக்க நிலைகளை எண்ணினர். வந்த தொகை ஹோக்கிங் கூறிய தொகையே. அந்த நான்கிலொரு பங்கும் பிசகவில்லை.

கட்டளைக் கலித்துறை கற்பித்தவர்க்கு இதன் இன்பம் புரியும். தளை பிழையாது சீர்களை அமைத்துக்கொண்டு போகின்றோம். பின் ஒற்று நீக்கி எண்ணிப் பார்த்தால் நேரசையில் தொடங்கிய அடி பதினாறெழுத்தும் நிரையசையில் தொடங்கிய அடி பதினேழெழுத்துமாய் நிற்கின்றது. ஒருவழியிற் கட்டியது மறுவழியில் எண்ணினும் பொருந்துகின்றது. இதனைத் தற்செயல் என்று கூற எனக்கு நா எழவில்லை. ஆனால் ஒன்றை மறைத்தலாகாது. அவர்கள் எண்ணிய கருந்துளை ஐந்து பரிமாண வெளியில் உள்ளது. மின்னேற்றம் அதன் உச்ச எல்லையில் நிற்பது. வானத்தில் நாம் காணுங் கருந்துளை அத்தகையதன்று.

நிழற்செய்திக்கு வருவோம். ஒல்லாந்த அறிஞர் ஹூவ்ற் 1993 இலும், அவரைத் தொடர்ந்து அமெரிக்கரான சஸ்கின்டும், கருந்துளைக்குரிய இம்மேற்பரப்பு விதி வெளி முழுமைக்கும் உரியதாதல் கூடும் என்றனர். 1997 நவம்பரில் ஆர்ஜென்ரீனா நாட்டவரான மல்டசேனா அதற்குத் திட்டமான உருவம் கொடுத்தார். ஈர்ப்பும் கருந்துளைகளும் நிறைந்த ஓர் உள்வெளி. அதன் விளிம்பில் ஈர்ப்பே இல்லாத துணிக்கைகளின் உலகம். இரண்டும் ஒரே பொருளை உரைக்கும் இரு மொழிகள். ஒன்றில் உள்ளதை மற்றொன்றிற் பெயர்க்கும் விதிகளை ஆராய்ச்சியாளர் அகராதி என்றே அழைக்கின்றனர். மொழிபெயர்ப்பில் ஓரளவு உழைத்தவன் என்ற முறையில், ஒரு மொழியில் அவிழாத முடிச்சு மறுமொழியில் எளிதாய் அவிழும் என்பதை யான் அறிவேன். இங்கும் அவ்வாறே. மிகவும் நெருங்கிப் பிணைந்த துணிக்கைப் பாய்மத்தின் பாகுமையை அதன் மொழியிற் கணித்தல் அரிது. கருந்துளை மொழியிற் கணித்தல் எளிது. 2005 இல் மூவர் அவ்வழி பெற்ற மிகச் சிறிய எண்ணுக்கு அண்மையாகவே, அமெரிக்காவின் புறூக்ஹேவன் ஆய்வுகூடத்திற் பொன் அணுக்கருக்களை மோதிப் பெற்ற பாய்மமும் நடந்துகொண்டது.

எனினும் மல்டசேனாவின் உள்வெளி எதிர் வளைவுடையது, விளிம்புடையது. நமது பிரபஞ்சமோ விரைவு மிகுந்து விரிகின்றது என 1998 இல் அறியப்பட்டது. அதற்கு இத்தகைய விளிம்பும் இல்லை, நிறைவான அகராதியும் இதுவரை இல்லை. மாணவன் சொன்னது சரி.

இனி என் கருத்தைச் சொல்கின்றேன். நம் முன்னோர் அறிவு பெறும் வாயில்களைக் காட்சி, கருதல், உரை என வகுத்தனர். 2025 சனவரி 14 ஆம் நாள் லைகோ கருவிகள் பதிந்த ஈர்ப்பலையில், இரு கருந்துளைகள் ஒன்றானபோது மேற்பரப்பு ஏறத்தாழ 240,000 சதுர கிலோமீற்றரிலிருந்து 400,000 சதுர கிலோமீற்றராகப் பெருகியது தெரிந்தது. அது குறையாது என ஹோக்கிங் 1971 இலேயே கூறியிருந்தார். இது காட்சியின் பாற்படும். சவ்வுகளை எண்ணியது கருதல். செய்தித்தாளிற் படித்து யான் எழுதியது வெறும் உரை. மூன்றாவதை முதலாவது போல எழுதினேன் என்பதே என் குற்றம். தமிழாசிரியனுக்கு இது இரட்டைக் குற்றம். பிறர் சொல்லக் கேட்டதைத் தான் கண்டதுபோற் சொல்லாதிருத்தற்கென்றே 'ஆம்' என்னும் இடைச்சொல்லை நம் மொழி வைத்திருக்கின்றது. வந்தான் என்பது வேறு, வந்தானாம் என்பது வேறு. படியாத பாட்டியும் பிழைவிடாத இடத்திற் சான்றிதழ் பெற்ற யான் பிழைவிட்டேன்.

நண்பரொருவர் மறுகோடிக்குப் போகின்றார். காட்சிக்கு வாராத இழையையும் சவ்வையும் பேசுவதே வீண், சோதனைக்கு விடையில்லாத பாடத்தில் மாணவர் ஏன் காலங்கழிக்க வேண்டும் என்கின்றார். அவரோடு யான் உடன்படேன். 1930 இல் இங்கிலாந்து நோக்கிக் கப்பலேறிய பத்தொன்பது வயதுத் தமிழிளைஞர் சந்திரசேகர், வெண்குறு விண்மீனின் திணிவிற்கு ஓர் எல்லை உண்டு எனக் கணித்தது வெறுங் கருதலே. 1935 இல் எடிங்ரன் அதனை அவையில் எள்ளினார். 1983 இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. ஆனால் இவ்வொரு கதையைக் கொண்டு எல்லாக் கருதலும் வெல்லும் எனச் சாதித்தலும் நேர்மையன்று. ஈதரை நம்பியோர் அறிவிலிகளல்லர். 1887 ஆம் ஆண்டுப் பரிசோதனை அவர்களைக் கைவிட்டது. இழைக்கோட்பாட்டினர் பலர் எதிர்பார்த்த மீச்சமச்சீர்த் துணிக்கைகள் ஜெனீவாவின் பெருமோதுகருவியில் இன்னும் தென்படவில்லை.

ஆதலால் இப்பொருளை மேல்வகுப்பு மாணவர்க்குத் தமிழிற் சொல்லத்தான் வேண்டும். எது கண்டது, எது கணித்தது, எது கேட்டது என்று வினைமுற்றுத்தோறும் பிரித்துச் சொல்ல வேண்டும். இதைச் செய்யப் பௌதிக ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரு மேசையில் இருந்தால் நன்று. இதுவரை நாங்கள் தேநீர் வேளையில் மட்டுமே ஒரு மேசையில் இருக்கின்றோம்.

சுவர்ப் பத்திரிகையில் அந்தத் தாளை யான் கிழிக்கவில்லை. 'கண்டுபிடித்துள்ளனர்' என்பதைச் சிவப்பு மையால் வெட்டி, 'வேறொரு வெளியைப் பற்றிக் கணித்துள்ளனர். நம் உலகிற்குப் பொருந்துமா என ஆராய்கின்றனர்' என மேலே எழுதி, திருத்தியவர் என அம்மாணவனின் வகுப்பைக் குறித்தேன். பெயரையும் இடலாமா என்றேன். வேண்டாம் ஐயா, 'வெளி' என்பதற்கு முன் 'எதிர் வளைவுடைய' என்பதைச் சேர்த்துவிடுங்கள் என்றான்.