பெரியவர் ஊதினார்! யந்திரம் காத்திருந்தது!

"யந்திரம் வந்தால் இசை செத்துப் போகும்."

இப்படிச் சொல்பவர்கள் பலர். நானும் அந்தக் கட்சிதான். ஆனால் ஓர் இசைத்தட்டு என் எண்ணத்தை மாற்றி விட்டது. முழுவதும் மாற்றியது என்று சொல்ல மாட்டேன். முக்கால் பங்கு மாற்றியது.

அந்த இசைத்தட்டின் பெயர் "பிராமிசஸ்". "வாக்குறுதிகள்" என்று பொருள். 2021-ம் ஆண்டு மார்ச் மாதம் 26-ந் தேதி வெளிவந்தது. அது ஜாஸ் இசைத்தட்டு என்கிறார்கள் சிலர். மேல்நாட்டு சாஸ்திரிய இசை என்கிறார்கள் சிலர். மின்சார இசை என்கிறார்கள் இன்னும் சிலர். மூன்றும் உண்மைதான்.

அதில் பாட்டு இல்லை. சொற்கள் இல்லை. சுமார் 46 நிமிடம் ஓடுகிறது. 9 பகுதிகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பெயர் கூட வைக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு விட்டார்கள். அவ்வளவுதான்.

அட்டையில் மூன்று பெயர்கள் இருக்கின்றன. ஒருவர், 80 வயது அமெரிக்க சாக்ஸபோன் வித்துவான். இன்னொருவர், அவருக்கு மகன் வயதுள்ள ஓர் ஆங்கிலேயர். இவர் மின்சார வாத்தியக்காரர். மூன்றாவது பெயர் ஆளின் பெயர் அல்ல. அது லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா. 1904-ம் ஆண்டில் தொடங்கிய பெரிய வாத்தியக் குழு.

இந்த மூன்று பேரும் எப்படி ஒன்று சேர்ந்தார்கள்?

வீடு இல்லாத வித்துவான்

முதலில் பெரியவரைப் பார்ப்போம். அவர் பெயர் பாரோ சாண்டர்ஸ். 1940-ம் ஆண்டு, அமெரிக்காவில் லிட்டில் ராக் என்ற ஊரில், கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார்.

1960-ம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அவர் நியூயார்க் நகரத்துக்கு வந்தார். கையில் சாக்ஸபோன் இருந்தது. காசு இல்லை. தங்குவதற்கு வீடும் இல்லை.

அப்போது சன் ரா என்ற இசைக் குழுத் தலைவர் அவருக்குக் கை கொடுத்தார். தங்க இடம் கொடுத்தார். உடுக்கத் துணி கொடுத்தார். இந்த சன் ரா ஒரு விசித்திரமான மனிதர். "நான் இந்தப் பூமியைச் சேர்ந்தவன் அல்ல. சனிக் கிரகத்தில் இருந்து வந்தவன்" என்று சொல்லிக் கொள்வார்! "பாரோ" என்ற பெயரை வைத்துக் கொள்ளும்படி ஊக்கப்படுத்தியவரும் அவரே. பாரோ என்றால் பழைய எகிப்து நாட்டு மன்னர். படுக்க இடம் இல்லாதவருக்கு மன்னர் பெயர்!

1965-ல் சாண்டர்ஸ், ஜான் கோல்ட்ரேனுடன் சேர்ந்தார். கோல்ட்ரேன் அந்தக் காலத்து ஜாஸ் உலகின் முடிசூடா மன்னர்.

ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்கள் உண்டாக்கிய இசை. மெட்டு ஒன்று இருக்கும். ஆனால் அதை அப்படியே வாசித்தால் மதிப்பு இல்லை. அந்த நிமிடத்தில் மனதில் தோன்றுவதை வாசிக்க வேண்டும். நம் வித்துவான்கள் மனோதர்மம் என்று சொல்வதைப் போன்றது.

சாண்டர்ஸின் மனோதர்மம் பயங்கரமானது. அவர் சாக்ஸபோனை அலற வைத்தார். ஒரே மூச்சில் இரண்டு மூன்று ஒலிகள் சேர்ந்து கிழியும்படி ஊதினார். "இது இசையா, இரைச்சலா?" என்று கேட்டவர்கள் உண்டு.

1967-ல் கோல்ட்ரேன் இறந்தார். அப்போது அவருக்கு வயது 40 தான்.

1969-ல் சாண்டர்ஸ் "கர்மா" என்று ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அதில் உள்ள ஓர் உருப்படி மட்டும் 32 நிமிடத்துக்கு மேல் ஓடும். தட்டின் ஒரு பக்கத்தில் அடங்காமல், மறு பக்கத்திலும் தொடர்ந்தது.

இந்த இடத்தில் கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ஒரு செய்தி. கோல்ட்ரேனின் மனைவி ஆலிஸ் சிறந்த இசைக் கலைஞர். கணவர் இறந்த பிறகு சுவாமி சச்சிதானந்தரை அவர் குருவாக ஏற்றார். 1971-ல் குருவின் பெயரிலேயே ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அதில் தம்புரா ஒலிக்கும். கூடவே சாக்ஸபோன் ஊதியவர், நம் சாண்டர்ஸ்தான். சுவாமி சச்சிதானந்தர் பிறந்த ஊர் எது தெரியுமா? கோவைக்குப் பக்கத்தில் உள்ள செட்டிப்பாளையம்!

காரில் கேட்ட இசை

இளையவரின் பெயர் சாம் ஷெப்பர்ட். இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்தில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது அங்குள்ள பெரிய மாதா கோவிலின் பாடகர் குழுவில் பாடினார். பிறகு லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நரம்பியல் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கினார். பகலில் ஆராய்ச்சி. இரவில் நடன விடுதிகளுக்கு இசை!

இசைக்காக அவர் வைத்துக் கொண்ட பெயர் புளோட்டிங் பாயிண்ட்ஸ். அவருடைய ஆயுதம் சிந்தசைசர். அதில் தந்தி இல்லை. துளை இல்லை. மின்சாரத் துடிப்பை ஒலியாக மாற்றும் பெட்டி அது. குமிழைத் திருகினால் ஒலி கூர்மை ஆகும். இன்னொரு குமிழைத் திருகினால் புகை போல் மெலிந்து போகும்.

2015-ல் ஷெப்பர்ட் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். சாண்டர்ஸ் ஒரு நாள் காரில் போகும்போது அதைக் கேட்டார் என்கிறார்கள். "இந்தப் பையனை நான் பார்க்க வேண்டுமே" என்ற ஆசை அவருக்கு வந்தது. சந்தித்தார்கள். நண்பர்கள் ஆனார்கள்.

2019-ம் ஆண்டு கோடையில் இருவரும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ஒலிப்பதிவு செய்தார்கள். மறு ஆண்டு கொரோனா வந்து உலகத்தையே பூட்டிப் போட்டது. அந்த 2020-ம் ஆண்டு கோடையில்தான் லண்டனில் ஆர்க்கெஸ்ட்ராவின் தந்தி வாத்தியக்காரர்கள் தங்கள் பங்கை வாசித்துக் கொடுத்தார்கள்.

"தட்டு கீறிப் போச்சா?"

இந்த இசைத்தட்டை ஓர் இரவு வீட்டில் போட்டேன்.

முதலில் ஒரு சின்னஞ்சிறு மெட்டு வருகிறது. ஏழே ஒலிகள். பியானோ, ஹார்ப்சிகார்டு போன்ற கட்டை வாத்தியங்களில் மெல்லத் தட்டுகிறார் ஷெப்பர்ட். பிறகு நிறுத்துகிறார். சில நொடி அமைதி. மறுபடியும் அதே ஏழு ஒலிகள். மறுபடியும் அமைதி. மறுபடியும் ஏழு.

பத்து நிமிடம் ஆயிற்று. அடுத்த அறையில் இருந்து என் தாயார் குரல் கொடுத்தார்.

"ஏண்டா தம்பி, தட்டு கீறிப் போச்சா? சொன்னதையே சொல்லிக்கிட்டு இருக்கே!"

கீறவில்லை. இசைத்தட்டின் பெரும் பகுதியிலும் அதே ஏழு ஒலிகள்தான் வந்து கொண்டே இருக்கின்றன. வாசலில் கோலப் புள்ளி வைத்தது போல. புள்ளிகள் மாறுவதில்லை. சுற்றி வரும் கோடுதான் மாறுகிறது. அந்தக் கோட்டைப் போடுகிறவர் சாண்டர்ஸ்.

அவர் ஊதத் தொடங்கியதும் எனக்கு ஆச்சரியம். அலறல் எங்கே? கிழியும் ஒலி எங்கே? அந்தப் பழைய புலியைக் காணோம். ஒரு சொல்லை யோசித்து யோசித்துச் சொல்லும் முதியவர்தான் இருக்கிறார். ஒரு வரி ஊதுகிறார். நிறுத்துகிறார். மூச்சு வாங்குவது கேட்கிறது. அதைத் துடைத்து எடுத்து விடாமல் அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். நல்ல வேலை செய்தார்கள்!

நாலாவது பகுதியில் அவர் வாத்தியத்தையே விட்டு விட்டார். வாயால் முணுமுணுக்கிறார். அதற்குச் சொல்லும் இல்லை, பொருளும் இல்லை. தாத்தா ஒருவர் பேரக் குழந்தையை மடியில் வைத்துக் கொண்டு கொஞ்சுவது போல் இருக்கிறது. இந்த இசைத்தட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

ஏழாவது பகுதியில் பழைய புலி கொஞ்சம் தலை காட்டுகிறது. மின்சார ஒலிகள் சுழன்று எழுகின்றன. சாக்ஸபோன் உறுமுகிறது. ஆனால் யந்திரம் அவரை மூழ்கடிக்கவில்லை. அவர் ஏறினால் அதுவும் ஏறுகிறது. அவர் நின்றால் அதுவும் நிற்கிறது. நல்ல பக்க வாத்தியக்காரர் பாடகரின் முகத்தைப் பார்த்தபடியே வாசிப்பாரே, அது போல.

என் எண்ணம் மாறியது இங்கேதான். யந்திரத்துக்குக் காத்திருக்கத் தெரியாது. ஆனால் யந்திரத்தை இயக்கியவருக்குத் தெரிந்திருக்கிறது. ஷெப்பர்ட் நினைத்திருந்தால் 46 நிமிடமும் தன் வித்தையைக் காட்டி இருக்கலாம். காட்டவில்லை. பெரியவருக்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்கிறார்.

வேலை போகுமா?

யந்திர இசைமீது கலைஞர்களுக்கு உள்ள கோபம் வெறும் ரசனைக் கோபம் அல்ல. அது வயிற்றுக் கோபம். 50 வயலின்கள் வாசித்த இடத்தில் ஒரே ஆள் ஒரு கீபோர்டுடன் உட்கார்ந்து விட்டால், மற்ற 49 வீடுகளில் அடுப்பு எரிவது எப்படி?

1982-ம் ஆண்டில் லண்டனில் உள்ள இசைக் கலைஞர் சங்கக் கிளை ஒன்று, சிந்தசைசர்களுக்குத் தடை போட வேண்டும் என்று தீர்மானமே நிறைவேற்றியது. அதைக் கேட்டுப் பலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தடை போடுவது நடக்காத காரியம்தான். ஆனால் தீர்மானம் போட்டவர்களுக்கும் வீட்டில் பிள்ளை குட்டிகள் இருந்தன.

அதே லண்டனில் சுமார் 40 ஆண்டுகளுக்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். ஷெப்பர்டிடம் பெட்டி இருந்தது. வயலின் போல ஒலிக்கும் வித்தையும் அந்தப் பெட்டிக்குத் தெரியும். கொரோனாக் காலம். ஆட்களைக் கூட்டுவதே கஷ்டம். "பெட்டியே போதும்" என்று அவர் சொல்லி இருந்தால் யாரும் குறை சொல்லி இருக்க மாட்டார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. வில்லைக் கையில் பிடித்த மனிதர்களை வைத்தே வாசிக்க வைத்தார்.

அதற்காக, எல்லாம் பிரமாதம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆறாவது பகுதியில் வயலின்களும் செல்லோக்களும் அலை போல எழும்புகின்றன. பலர் அதைத்தான் பெரிதாகப் புகழ்ந்தார்கள். எனக்கு அது கொஞ்சம் மிகையாகப் பட்டது. சினிமாவில் கதாநாயகன் ஊருக்குத் திரும்பி வரும் கட்டத்துக்குப் பொருத்தமாக இருக்கும்! பெரியவரின் ஒரு மூச்சு உண்டாக்கிய உருக்கத்தை, அத்தனை தந்திகள் சேர்ந்தும் உண்டாக்க முடியவில்லை.

"இது தூங்க வைக்கும் இசை" என்று குறை சொல்பவர்களும் உண்டு. சமையல் செய்து கொண்டே கேட்டால் அப்படித்தான் தோன்றும். தாளம் போட வழி இல்லை. காலை ஆட்ட முடியாது. குழந்தைகள் பத்து நிமிடத்தில் எழுந்து ஓடி விடுவார்கள். வேலை முடிந்து, விளக்கைக் குறைத்து விட்டுக் கேட்க வேண்டிய இசை இது.

இங்கிலாந்தின் மெர்க்குரி பரிசுக்கான 2021-ம் ஆண்டுப் பட்டியலில் இந்த இசைத்தட்டு இடம் பெற்றது. பரிசு வேறு ஒருவருக்குப் போயிற்று.

2022-ம் ஆண்டு செப்டம்பர் 24-ந் தேதி சாண்டர்ஸ் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் காலமானார். அவருக்கு வயது 81.

மறு ஆண்டு செப்டம்பரில் அதே நகரத்தில், ஹாலிவுட் பவுல் என்ற திறந்த வெளி அரங்கில், இந்த இசை மேடை ஏறியது. ஓர் ஆர்க்கெஸ்ட்ரா வந்தது. ஷெப்பர்ட் வந்தார். பெட்டிகள் வந்தன. பெரியவரின் இடத்தில் ஷபாக்கா ஹட்சிங்ஸ் என்ற ஆங்கிலேயக் கலைஞர் நின்று சாக்ஸபோன் ஊதினார். அவர் திறமைசாலி. ஆனால் அந்த நாலாவது பகுதி முணுமுணுப்பை நினைத்துப் பார்க்கிறேன். அதை இன்னொருவர் எப்படி வாசிப்பது?

கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எட்டாவது பகுதியின் முடிவில் ஓசை அடங்கி விடும். முடிந்து விட்டது என்று நினைத்து அணைத்து விடாதீர்கள். ஒன்பதாவது பகுதி பாக்கி இருக்கிறது. இரண்டு நிமிடம்தான். அதில் சாண்டர்ஸ் இல்லை. அந்த ஏழு ஒலிகளும் இல்லை. வயலின்கள் மட்டும் வருகின்றன.