மூலிகைப் போர்வையில் ஒளிந்த மருந்து

மூலிகை என்றதும் கைகூப்புவோர் உளர். எள்ளி நகையாடுவோரும் உளர். இரு சாராரும் அமெரிக்காவில் நடந்ததை அறிதல் வேண்டும்.

1990ஆம் ஆண்டுகளில் அங்கே 'பீ.சி.ஸ்பெஸ்' என்னும் குளிகை விற்பனைக்கு வந்தது. 'ஸ்பெஸ்' என்றால் இலத்தீனில் நம்பிக்கை. அதிமதுரம் முதலிய எட்டுச் சரக்குகளின் சாறு அது. பெரும்பாலன சீன வைத்தியத்துக்கு உரியவை. புரோஸ்டேட் சுரப்பியிற் புற்றுநோய் கொண்டோர் நம்பி உண்டனர். குணமும் தெரிந்தது, ஆய்வாளர் சோதனையில் இறங்கினர். 2002இல் குட்டு வெளிப்பட்டது. சோதித்த குளிகைகளில் டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரோல் என்னும் செயற்கை ஓமோனும், இரத்தத்தை உறையவிடாத வார்பரினும் காணப்பட்டன! முன்னையது அந்நோய்க்கு வைத்தியர் ஏற்கெனவே கொடுத்துவந்த மருந்தே. குளிகை சந்தையிலிருந்து அகற்றப்பட்டது, சோதனையும் நின்றது.

இழந்தது பணம் மட்டுமா? வார்பரினை அறியாது உண்டவனுக்குக் குருதி பெருகின் யார் பொறுப்பு? நோய் தணிந்தது மூலிகையாலா, ஒளித்த மருந்தாலா? அவ்வினாவே பாழாயிற்று அன்றோ!

ஆதலின் மூலிகையை வீசுக என்கிறோமா? இல்லை. 1966இல் சீன மரமொன்றிலிருந்து பிரித்தெடுத்த காம்ப்டோதெசினின் நஞ்சை மறைக்காது, திருத்தி, சோதித்து, இரினோடெகான் ஆக்கினர். இன்று அது குடற்புற்றுநோய்க்கு வழங்கப்படுகிறது.

பழமை மட்டும் சான்றாகாது. சோதனைக்கு அஞ்சும் மருந்து மருந்தன்று. குளிகையில் உள்ளது யாது என்று கேட்கும் உரிமையை நோயாளன் எவருக்கும் விட்டுக்கொடுத்தலாகாது என்பதே எமது துணிபு.