பாதி மாத்திரையும் பழுதாகும் சிறுநீரகமும்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையிலும் பக்கத்துச் சாலைக் கடைத்தெருவிலும் நாய், பூனை வளர்ப்பவர்களிடம் ஒரு நம்பிக்கை ஊறிக் கிடக்கிறது. மனிதனுக்கு ஒத்துக்கொள்ளும் வலி மாத்திரையை உடைத்துக் கொஞ்சமாகக் கொடுத்தால் பிராணிக்கும் ஒத்துக்கொள்ளும் என்பதே அது. நாய் நொண்டினாலோ பூனைக்கு உடம்பு சுட்டாலோ மருந்துக்கடையில் வாங்கிப் பாலில் கரைத்து ஊற்றிவிடுகிறார்கள். பாசத்தால்தான் செய்கிறார்கள். ஆனால் அதற்குச் சொல்லும் காரணங்களில் ஒன்றுகூட நிற்காது.

“எடைக்குத் தகுந்தபடி அளவைக் குறைத்தால் சரியாகிவிடும்” என்கிறார்கள். எடை மட்டுமே வேறுபாடு என்றால் சரிதான். ஆனால் மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் வழியே விலங்குக்கு விலங்கு வேறு. பாராசிட்டமாலை நம் கல்லீரல் பெருமளவு கழிப்பதற்கு உதவும் நொதி, பூனைக்கு மிகக் குறைவு. ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை பூனையின் உயிரைக் குடிக்கப் போதும். ஐபுப்ரோஃபெனும் டைக்ளோஃபெனாக்கும் சிறுநீரகத்தையே தாக்குகின்றன. உடம்பில் நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்பவை புரோஸ்டகிளாண்டின் என்னும் பொருள்கள். வலிக்கும் அவையே காரணம் என்பதால், வலியை அடக்கும் மருந்து அந்தப் பாதுகாப்பையும் சேர்த்தே நிறுத்திவிடுகிறது. வாந்தியும் வயிற்றுப்போக்குமாக, தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடக்கும் பிராணிக்கு அதைக் கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து.

“மாட்டுக்கு டாக்டர்களே டைக்ளோஃபெனாக் போட்டார்களே” என்பது அடுத்த வாதம். போட்டார்கள், மாடு தாங்கியது. இறந்த மாட்டைத் தின்ற பாறுகள் என்னும் பிணந்தின்னிக் கழுகுகள் தாங்கவில்லை. 1990-களில் தொடங்கி இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அழிந்தன. தொற்றுநோய், பூச்சிக்கொல்லி என்று பலவற்றைச் சந்தேகித்தார்கள். கடைசியில் பாகிஸ்தானில் ஆய்வு செய்த லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் 2004-இல் உண்மையை வெளியிட்டார்கள். சடலத்தில் தங்கியிருந்த சொற்ப மருந்தே பறவையின் சிறுநீரகத்தை நிறுத்தியிருந்தது. கழிவாக வெளியேற வேண்டிய யூரிக் அமிலம் இதயத்தின் மீதும் கல்லீரலின் மீதும் சுண்ணாம்பு பூசியதுபோலப் படிந்திருந்தது. 2006-இல் இந்தியா கால்நடைகளுக்கு இந்த மருந்தைத் தடை செய்தது. மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்ததால், 2015-இல் குப்பியின் அளவை 3 மில்லிலிட்டராகக் குறைக்க வேண்டிவந்தது. மோயாற்றுப் பள்ளத்தாக்கிலும் வயநாட்டிலும் எஞ்சியிருக்கும் பாறுகளைக் காக்க இன்னும் போராடிக்கொண்டிருக்கிறோம்.

பாறுகளுக்குப் பாதுகாப்பானது என்று மாற்றாகக் கண்டறிந்தது மெலாக்சிகாம். அதே மெலாக்சிகாமைப் பூனைக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் சிறுநீரகம் செயலிழந்து சாகக்கூடும் என்று 2010-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை அச்சிட வைத்தது. ஒரு விலங்கு தாங்கியதை மற்றொன்றுக்குச் சான்றாகக் காட்ட முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

“மருந்தை விடுங்கள், நாம் சாப்பிடுவதைக் கொடுத்தால் என்ன கெடும்” என்பாரும் உண்டு. பாயசத்து உலர்திராட்சையும் புளியும் நாயின் சிறுநீரகத்தைத் திடீரெனச் செயலிழக்கச் செய்யலாம்.

எனக்கு மிகவும் கவலை தருவது கடைசி வாதம்: “போன மாதம் கொடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை. இப்போது நன்றாகத் தண்ணீர்கூடக் குடிக்கிறது.” அந்தத் தண்ணீர்தான் பல சமயம் முதல் அறிகுறி. பூனையின் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 2 லட்சம் வடிகட்டிகள் உண்டு. நமக்குச் சுமார் 10 லட்சம். மூன்றில் இரண்டு பங்கு கெட்டதும் சிறுநீரைச் செறிவாக்கும் திறன் போய்விடுகிறது. நீர்த்த சிறுநீர் நிறையப் போகிறது, இழந்ததை ஈடுகட்டப் பிராணி குடித்துக்கொண்டே இருக்கிறது. ரத்தத்தில் கிரியாட்டினின் என்னும் கழிவுப்பொருள் உயர்வதற்குள் நான்கில் மூன்று பங்கு போயிருக்கும். அதனால் “ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது” என்பதோடு நின்றுவிடாதீர்கள். சிறுநீரின் அடர்த்தியையும் பார்க்கச் சொல்லுங்கள். குடப்பனக்குன்னில் அரசின் பல்துறைக் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறீர்கள் என்றால், அதன் உறையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். என்ன கொடுத்தோம், எப்போது கொடுத்தோம் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.