நூறாண்டுகளாக நிற்கும் மீன் வேலிகள்: கோசி ஏரிகளில் இப்போது என்ன சிக்கல்?

கூகுள் மேப்பில் தென்னாப்பிரிக்காவின் வடகிழக்கு மூலைக்குப் போய், மொசாம்பிக் எல்லை ஓரமாக பெரிதாக்கிப் பாருங்கள். ஆழமில்லாத நீரில் கோலம் போட்ட மாதிரி வளைந்த கோடுகள் தெரியும். அவை மீன் பிடிக்கும் வேலிகள். தோங்கா மக்கள் பல நூறு ஆண்டுகளாகக் கட்டி வருபவை. இன்று அவை இருப்பது பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள். சிக்கலும் அங்கேதான்.

இது எந்த இடம்?

பெயர் 'கோசி பே'. ஆனா இது வளைகுடா இல்லை. கால்வாய்களால் இணைந்த நான்கு ஏரிகள், கடைசியில் ஒரு முகத்துவாரம் வழியாக இந்தியப் பெருங்கடலில் கலக்கின்றன. உள்ளே போகப் போக நல்ல தண்ணீர், கடல் பக்கம் வர வர உப்பு. 1991-ல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. 1999-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்த இசிமங்கலிசோ ஈரநிலப் பூங்காவுக்குள் இதுவும் அடங்கும். தென்னாப்பிரிக்காவில் அந்தப் பட்டியலில் முதலில் இடம்பிடித்த களங்களில் இதுவும் ஒன்று.

பொறி எப்படி வேலை செய்கிறது?

கரையில் இருந்து நீருக்குள் கம்புகளை நட்டு, இடையே குச்சிகளும் நாணலும் வைத்துக் கட்டுகிறார்கள். கடலை நோக்கிப் போகும் மீன், வேலியை ஒட்டியே நீந்தி வளைவுக்குள் வரும். கடைசியில் ஒரு குறுகலான வாசல். உள்ளே போகலாம், திரும்ப வர முடியாது. ஆடு மாடு அடைக்கும் பட்டி மாதிரிதான். பிறகு பொறிக்காரர் தண்ணீரில் இறங்கி, ஈட்டியால் குத்தி எடுப்பார். மடவை போன்ற மீன்கள் அதிகம் சிக்கும்.

இதனால் மீன் வளம் அழியாதா?

குச்சிகளுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது. சின்ன மீன் அதில் தப்பிவிடும். பொறி ஒரே இடத்தில் நிற்பதால், மீனைத் துரத்திப் பிடிக்க வழியில்லை. முக்கியமாக, யார் வேண்டுமானாலும் வந்து பொறி கட்ட முடியாது. அது குடும்பச் சொத்து, அப்பாவிடம் இருந்து மகனுக்குப் போகும். அதாவது பிடிக்கும் அளவுக்கு ஒரு கட்டுப்பாடு, எழுதப்படாத சட்டமாகவே இருந்தது.

அப்போ இப்போ என்ன மாறியது?

1980-களுக்குப் பிறகு பொறிகளின் எண்ணிக்கை கூடியது. வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிடித்த மீனுக்கு சந்தையும் கிடைத்தது. சில இடங்களில் நாணலுக்குப் பதிலாக செயற்கை வலை வந்தது. கண்ணி நெருக்கமானால் சின்ன மீனும் மாட்டும். முட்டையிட கடலுக்குப் போகும் மீன் வழியிலேயே சிக்குவதால், எண்ணிக்கை கூடக் கூட அடுத்த தலைமுறை மீனுக்கே ஆபத்து. இதோடு, அனுமதி இல்லாமல் விரிக்கப்படும் செவுள் வலைகள் தனிப் பிரச்னை.

சட்டம் என்ன சொல்கிறது?

பூங்கா தரப்பில் பார்த்தால், தடை போடுவது சுலபம். ஆனா தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு மரபுச் சட்டத்தையும் அங்கீகரிக்கிறது. ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தின் ட்வெசா-க்வெபே கடல் காப்பகத்தில் மீன் பிடிக்கப் போனதாக 2010-ல் பிடிபட்டவர்கள் வழக்கில், 2018-ல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பு தந்தது. 1998-ம் ஆண்டு கடல்வளச் சட்டம் வந்ததால் மட்டும் மக்களின் மரபு உரிமை அழிந்துவிடாது என்றது. அது கோசி பற்றிய வழக்கு இல்லை. ஆனா மரபு உரிமை இருப்பதை நிரூபிக்கக்கூடிய மற்ற மீனவ சமூகங்களுக்கும் அந்த வாதம் பொருந்தலாம்.

இதில் கவனிக்க வேண்டியது என்ன?

மரபு உரிமை என்றால், மரபுக் கட்டுப்பாடும் சேர்ந்தேதான் வரும். நெருக்கமான நைலான் வலை கட்டிவிட்டு அதைப் பாரம்பரியம் என்று சொல்வது கஷ்டம். அதே நேரம், பொறிகளை மொத்தமாகப் பிடுங்கினால் மீன் தேவை குறையாது. கம்பு வேலியை நம்பியிருந்த குடும்பம் இரவில் செவுள் வலை விரிக்கப் போகலாம். அது இன்னும் மோசம்.

அதனால் எத்தனை பொறி, எவ்வளவு இடைவெளி, எந்தப் பொருள் என்பதை ஊர்த் தலைவர்களும் பூங்கா நிர்வாகமும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்வதுதான் நடக்கக்கூடிய வழி. வேலியைப் படம் எடுக்க சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். ஆனா அதில் சிக்கும் மீன், இன்றும் அந்தக் குடும்பங்களின் சாப்பாடு.