தானாக ஓடுகிற ரயில் யாருக்கு?

பொம்மைக் கடையில் அப்பாக்கள் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "பேட்டரி போட்டா தானா ஓடுமா?" கடைக்காரர் இந்தக் கேள்விக்காகவே காத்திருப்பவர். "ஓடும் சார். லைட்டு எரியும், விசில் அடிக்கும், புகைகூட வரும் சார்." முடிந்தது வியாபாரம். பக்கத்தில் அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மூன்று வயசு ஜீவனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. பிறந்தநாள் என்னவோ அதற்குத்தான்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்து தண்டவாளத்தை மாட்டுகிறார். குழந்தை ஒரு துண்டை எடுத்தால், "தொடாதேடா கண்ணா, உடைஞ்சிடும்." பென்சில் செல் போட்டு சுவிட்சைத் தட்டினால் ரயில் ஓடுகிறது. வட்டமாக. மறுபடியும் வட்டமாக. குழந்தை கை தட்டுகிறது. மூன்றாவது சுற்றில் கையை நீட்டி இஞ்சினைப் பிடிக்கிறது, சக்கரம் உர்ரென்று சுற்றுகிறது. "பிடிக்காதே, மோட்டார் போயிடும்!" பத்தாவது நிமிஷம் குழந்தை அட்டைப்பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்து 'கூ' என்று கத்திக்கொண்டிருக்கிறது. ரயிலைப் பார்த்துக்கொண்டிருப்பது அப்பாவும் தாத்தாவும்தான். ஒரு வாரத்தில் செட் பரண் மேல்.

அப்புறம் ஊரெல்லாம் புலம்பல்: "இந்தக் காலத்துப் பசங்களுக்கு எது வாங்கிக் கொடுத்தாலும் ரெண்டு நாள்தான் சார்." ரெண்டு நாள் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம். அந்தப் பெட்டிக்குள் குழந்தை செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. ஓட்டுவது மோட்டார், கூவுவது ஸ்பீக்கர், மாட்டுவது அப்பா. மிச்சம் இருந்தது பார்ப்பது மட்டும்தான், அதைக் குழந்தை மூன்று சுற்றில் பார்த்து முடித்துவிட்டது.

மின்சாரப் பொம்மை ரயிலின் பூர்வீகத்தைத் தோண்டினால் இது புரியும். 1900இல் நியூயார்க்கில் ஜோஷுவா லயனல் கோவன் தொடங்கிய கம்பெனிதான் பிற்பாடு அமெரிக்காவையே ஆட்டிவைத்த லயனல். அவர் முதலில் செய்தது குழந்தைகளுக்கான பொம்மையே இல்லை. கடைகளின் கண்ணாடி அலமாரியில் சரக்கை வைத்துச் சுற்றிவந்து, தெருவில் போகிறவர்களை இழுப்பதற்கான ஒரு மின்சார வண்டி. வாடிக்கையாளர்கள் சரக்கை விட்டுவிட்டு வண்டியை விலைக்குக் கேட்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் அந்த வியாபாரம். நின்று வேடிக்கை பார்க்கச் செய்யப்பட்ட ஒன்றை மூன்று வயசுக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு, அது விளையாடவில்லை என்று கோபப்படுவதில் என்ன நியாயம்?

பெரியவர்களின் மாடல் ரயில் மேல் இங்கே ஒரு புகாரும் இல்லை. ஜெர்மனியின் கோப்பிங்கன் ஊரில் 1859இல் தொடங்கிய மார்க்லின், இங்கிலாந்தில் 1920 முதல் ரயில் செய்த ஹார்ன்பி இதெல்லாம் அருமையான சமாச்சாரம். 16.5 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள தண்டவாளத்தில், நிஜத்தில் 87இல் ஒரு பங்கு அளவில், ஒவ்வொரு திருகாணியும் தெரிகிற இஞ்சின்! பத்துப் பன்னிரண்டு வயசில் அது ஒரு படிப்பு, நாற்பது வயசில் அது ஒரு தவம். ஆனால் அந்தச் சக்கரத்தைத் தண்டவாளத்தில் சரியாக உட்காரவைக்கப் பெரியவர்களுக்கே பொறுமை வேண்டும். தண்டவாளத்தில் தூசி படிந்தால் கரண்ட் பாயாது, வண்டி நின்றுவிடும். வெளிநாட்டிலிருந்து வருகிற மாமா அதை மூன்று வயசுக் குழந்தைக்கு வாங்கிவருவது பாசம் இல்லை, அவருடைய சின்ன வயசு ஏக்கம். ஏக்கம் தப்பில்லை. அவர் பேரிலேயே பில் போட்டு, அவர் வீட்டு மேஜையிலேயே ஓட்டிக்கொள்ளட்டும் :-)

சரி, மூன்று வயசுக் குழந்தை ரயிலை வைத்து உண்மையில் என்ன செய்கிறது? தரையில் படுத்து, கன்னத்தைத் தரையோடு ஒட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இஞ்சினை மெதுவாகத் தள்ளி, சக்கரம் உருள்வதைப் பார்க்கிறது. வாயால் சத்தம் கொடுக்கிறது. நடுவில் நிறுத்துகிறது, யாரோ ஏறுகிறார்கள், யாரோ இறங்குகிறார்கள். திடீரென்று விபத்து. மறுபடி பயணம். இதில் எதற்கும் மோட்டார் தேவையில்லை, மோட்டார் இருந்தால் இதில் எதுவும் நடக்காது. ஸ்டேஷனில் நிற்கத் தெரியாத ரயிலை வைத்துக்கொண்டு என்ன கதை சொல்வது?

இதைப் புரிந்துகொண்டவர்கள் சுவீடனின் ஓஸ்பி ஊர்க்காரர்கள். பிரியோ என்ற அவர்களது கம்பெனி 1884இலேயே தொடங்கியது. மர ரயிலும் மரத் தண்டவாளமும் வந்தது 1958இல். பார்த்தால் சப்பென்று இருக்கும். பீச் மரக் கட்டையில் இரண்டு பள்ளம், ஒரு முனையில் முளை, மறு முனையில் அந்த முளை உட்காருகிற குழி. அவ்வளவுதான். மாட்டக் குழந்தைக்கு அப்பா தேவையில்லை, இதுதான் முதல் வெற்றி. கழற்றவும் தேவையில்லை, இது இரண்டாவது. மாட்டுவதைவிடக் கழற்றுவதில்தான் அந்த வயசுக்கு ஆனந்தம் அதிகம்.

பெரிய வளைவுக் கட்டை எட்டு சேர்ந்தால் ஒரு முழு வட்டம். அதை யாரும் சொல்லித் தர வேண்டாம். ஏழு வைத்தால் இடைவெளி விழும், ஒன்பதாவதுக்கு இடமே இருக்காது. ஒரு வளைவைத் திருப்பிப் போட்டால் இடது வலது ஆகிவிடும், பாம்பு மாதிரி நெளிகிற பாதை கிடைக்கும். (இரண்டு பக்கமும் பள்ளம் வெட்டிய கட்டையாகப் பார்த்து வாங்குவது இதற்காகத்தான். ஒரு பக்கம் மட்டும் வெட்டியது பாதி விளையாட்டைத் தின்றுவிடும்.) பெட்டிகளை இணைப்பது காந்தம். பல செட்களில் பெட்டியின் ஒரு முனை வடதுருவம், மறு முனை தென்துருவம். பெட்டியைத் திருப்பி வைத்தால் ஒட்டாது, விலகி ஓடும். பள்ளிக்கூடத்தில் 'ஒத்த துருவங்கள் ஒன்றையொன்று விலக்கும்' என்று மனப்பாடம் செய்வதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே விரல் நுனியில் அந்த விலகலை உணர்ந்த குழந்தைக்கும், உணராத குழந்தைக்கும் வித்தியாசம் இருக்காதா?

இதைவிட ருசியான சிக்கல் ஒன்று உண்டு. சாதாரண வட்டப் பாதையில் முளையும் குழியும் ஒழுங்காகச் சேர்ந்துகொண்டே போகும். போன ரயில் வளைந்து, வந்த பாதையிலேயே எதிர்த்திசையில் திரும்பி வரவேண்டும் என்று குழந்தை ஆசைப்பட்டால் வந்தது வினை. கடைசிக் கட்டையில் முளைக்கு எதிரே முளை நிற்கும், அல்லது குழிக்கு எதிரே குழி. எப்படிப் புரட்டினாலும் சேராது. அது கை தவறு இல்லை. எல்லா முளையும் ஒரே திசையைப் பார்க்கிறபோது திசை திரும்புகிற பாதை சேரவே சேராது என்பது கணக்கு. இதற்கென்றே இரண்டு பக்கமும் முளை, இரண்டு பக்கமும் குழி உள்ள குட்டிக் கட்டைகள் விற்கிறார்கள். அந்தக் குட்டிக் கட்டை எதற்கு என்று நாலரை வயசில் தானே கண்டுபிடிக்கிற குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும். பேட்டரி ரயில் ஆயிரம் சுற்று சுற்றினாலும் அந்த முகம் கிடைக்காது.

உடனே வருகிற ஆட்சேபம் விலை. நியாயமான ஆட்சேபம்தான், பெயர் பெற்ற மர ரயில் மலிவு இல்லை. ஆனால் நூறு துண்டு செட்டை யார் வாங்கச் சொன்னது? ஒரு வட்டத்துக்கான கட்டை, ஓர் இஞ்சின், இரண்டு பெட்டி போதும். அடுத்த பிறந்தநாளுக்கு ஒரு பாலம், அதற்கடுத்து ஒரு பாயின்ட். 1891இல் லைப்சிக் சந்தையில் மார்க்லின் காட்டியதே இந்த யோசனையைத்தான்: கொஞ்சமாக வாங்கு, சேர்த்துக்கொண்டே போ. பிரியோ வகுத்த அளவையே வேறு பல கம்பெனிகளும் பின்பற்றுகின்றன. ஐக்கியாவின் மலிவான லில்லாபோ கட்டைகூட அதோடு பெரும்பாலும் சேரும். அக்கா பிள்ளை விளையாடி முடித்த பழைய கட்டையோடு புதுக் கட்டை சேர்கிறது. மின்சாரச் சரக்கில் இதைச் செய்து காட்டட்டும் பார்க்கலாம். லெகோ 1966இல் ரயிலைத் தொடங்கியது, 1991இல் 9 வோல்ட் உலோகத் தண்டவாளம் வந்தது, பிறகு அதை நிறுத்தினார்கள், 2018இல் இன்னொரு புது முறை. வண்டி அதே, உள்ளே இருக்கிற மோட்டார் சங்கதி மட்டும் ஒவ்வொரு தலைமுறைக்கும் அநாதை. இதில் ஜப்பானின் பிளாரெயிலுக்கு மட்டும் விலக்கு. 1959இல் வந்த பிளாஸ்டிக் தண்டவாளத்தின் அளவை இன்றுவரை மாற்றாமல் வைத்திருக்கிறார்கள். பேட்டரிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் அந்த மாதிரி ஒன்றைத் தேடட்டும்.

அதுவும் முடியாது என்றால் தீப்பெட்டி இருக்கிறது. காலித் தீப்பெட்டிகளை நூலில் கோத்து இழுத்த தலைமுறை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அந்த ரயிலும் தானாக ஓடாது, இழுத்தால்தான் வரும், அதனால்தான் அத்தனை நாள் ஓடியது. கேவலமாக நினைக்க வேண்டாம். உலகம் முழுக்க விற்கிற தாமஸ் ரயிலின் ஆதி ரூபம் என்ன தெரியுமா? 1940களின் தொடக்கத்தில், தட்டம்மை வந்து படுத்திருந்த மகனுக்குக் கதை சொன்ன பாதிரியார் ஆட்ரி, பிறகு அவனுக்காகத் துடைப்பக் கட்டையில் செய்து கொடுத்த இஞ்சின்!

அந்தத் தாமஸ் பிற்பாடு என்ன ஆனது என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் 'மரம் என்றாலே பத்திரம்' என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. 2007 ஜூனில், சீனாவில் தயாராகி ஆர்சி2 கம்பெனி விற்ற தாமஸ் மர ரயில் பொருள்களில் சுமார் 15 லட்சத்தை அமெரிக்காவில் திரும்பப் பெற்றார்கள். பெயின்டில் ஈயம். வளரும் மூளையை ஈயம் கெடுக்கும், போனது திரும்பாது. கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கிற வயசுக்கு விற்ற சரக்கு அது. ஆகவே மரமா பிளாஸ்டிக்கா என்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது மேல்பூச்சு. இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் 14 வயசுக்குட்பட்டவர்களின் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். நடைபாதைக் கடையில் அதைக் கேட்டால் முறைப்பார்கள், பரவாயில்லை, கேட்கலாம்.

பூச்சுக்கு அடுத்தது காந்தம். இழுத்தால் கழன்று வருகிற காந்தம் உள்ள பெட்டியை விலை எவ்வளவு குறைந்தாலும் தொடக்கூடாது. இரண்டை விழுங்கினால் அவை குடலின் இரு மடிப்புகளை நடுவில் நசுக்கிக்கொண்டு ஒட்டிக்கொள்ளும், ஆபரேஷன் வரை போகும். ரிமோட்டில் இருக்கிற பொத்தான் செல் அதைவிட மோசம், உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் புண்ணாக்கிவிடும். மூடி திருகாணி போட்டு இறுக்கியிருக்கிறதா என்று பார்க்காமல் பில் போடுகிற அப்பா, புகை வருமா என்று மட்டும் மறக்காமல் கேட்கிறார்.

இன்னொரு கூத்து. பெண் குழந்தை என்றால் ரயில் பக்கமே போவதில்லை, சமையல் செட் அலமாரிக்குத் திருப்பிவிடுகிறார்கள். போனால் போகிறதென்று ரயிலே வாங்கினாலும் ரோஸ் கலரில் தேடுகிறார்கள். லயனல் 1957இல் இதைச் செய்து பார்த்தது. ரோஸ் கலர் இஞ்சின், பின்னால் வெளிர் நிறப் பெட்டிகள், பெண் குழந்தைகளுக்கென்றே ஸ்பெஷல். கடைகளில் தேங்கிப்போனது. பெண்ணுக்கும் ரயில் ரயில் மாதிரி இருந்தால் போதும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இன்று அது சேகரிப்பாளர்கள் தேடி அலைகிற அபூர்வப் பொருள். கடைசியில் அதுவும் அப்பாக்களிடமே போய்ச் சேர்ந்துவிட்டது.

கொசுறு: மர ரயிலுக்குப் பாயின்ட் வாங்குகிறவர்கள் ஒன்று வாங்கி நிறுத்திக்கொள்ள வேண்டாம். ஒன்று இருந்தால் கிளைப்பாதை முட்டுச் சந்தில் போய் நிற்கும். இரண்டு இருந்தால்தான் பிரிந்த ரயில் மறுபடி வந்து சேரும். அந்த இரண்டிலும் முளையும் குழியும் எதிர்மாறாக இருக்கிறதா என்று கடையிலேயே வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. பார்க்கத் தெரியவில்லை என்றால் அந்த மூன்று வயசு ஜீவனிடம் கொடுக்கலாம்.