ஆறு மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு யார் காவல்?

மகளுக்குப் பிரசவம். அப்பாவும் அம்மாவும் நியூஜெர்சிக்குக் கிளம்ப வேண்டும். டிக்கெட் போட்டாச்சு. பருப்புப்பொடி, பிரசவ லேகியம் எல்லாம் பெட்டிக்குள் போயாச்சு. ‘வீட்டைப் பத்திக் கவலையே படாதீங்கப்பா, எல்லாம் மாட்டியாச்சு’ என்கிறார் பெங்களூரு மகன். வாசலில் ஒரு கேமரா, ஹாலில் ஒரு கேமரா, விளக்குக்கு ஸ்மார்ட் பிளக். எல்லாவற்றையும் செல்போனிலேயே பார்க்கலாம். சென்னை, கோவை, திருச்சி என்று இன்றைக்கு நிறைய வீடுகளில் இதுதான் நடக்கிறது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால், கிளம்புகிற அன்று அப்பா என்ன செய்வார்? கேஸ் ரெகுலேட்டரை மூடுவார், தண்ணீர்க் குழாய்களைப் பார்ப்பார், கடைசியாக மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கதவைப் பூட்டுவார். தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கமாயிற்றே! அவ்வளவுதான், டாக்ஸி தெருமுனை தாண்டுவதற்குள் கேமரா இரண்டும் கண்ணை மூடிவிடும். வைஃபை ரூட்டருக்கு மின்சாரம் இல்லையென்றால் செல்போனில் எதுவும் தெரியாது.

அதனால் மெயினைத் தொடாதீர்கள். கீஸர், ஏசி, மோட்டார் இவற்றின் சுவிட்சுகளைத் தனித்தனியாக இறக்கிவிட்டு, ரூட்டரும் கேமராவும் இருக்கிற லைனை மட்டும் விட்டுவையுங்கள். எது எந்த லைன் என்று எலெக்ட்ரீஷியனிடம் கேட்டு, ஸ்டிக்கர் ஒட்டி எழுதி வைப்பது நல்லது. ஃப்ரிட்ஜைக் காலி செய்து துடைத்து, அணைத்து, கதவை லேசாகத் திறந்து வைத்துவிடலாம். மின்வெட்டைச் சமாளிக்க ரூட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது. கேமராவையும் அதிலேயே செருக முடியுமா என்று பார்த்து வாங்குங்கள். ரூட்டர் மட்டும் விழித்திருந்து கேமரா தூங்கினால் என்ன பிரயோஜனம்?

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு ஒரு பரீட்சை வையுங்கள். மெயினை அணைத்து, யுபிஎஸ்ஸையும் நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துப் போடுங்கள். எல்லாக் கருவியும் யாரும் தொடாமல் தானாக இணைப்புக்கு வருகிறதா? செல்போனில் வீட்டு வைஃபையை நிறுத்திவிட்டு, மொபைல் டேட்டாவில் பாருங்கள். வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்தால் எல்லாம் வேலை செய்வதுபோலத்தான் தெரியும்.

ஆறு மாதம் என்றால் பணக் கணக்கும் இருக்கிறது. நம்மூரில் கரன்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ஆக, மூன்று பில் வரும். பிராட்பேண்ட் பணம் முடிந்தாலும் கேமரா குருடுதான். இரண்டையும் கட்டுகிற பொறுப்பை மகனிடம் ஒப்படைத்துவிடுங்கள். இந்திய சிம்மையும் மறக்காதீர்கள். ப்ரீபெய்டு எண்ணை 90 நாள் பயன்படுத்தாமல் விட்டால் ரத்தாகும் வாய்ப்பு உண்டு. கேமரா ஆப்பின் ஓடிபியும், பேங்க் ஓடிபியும் அந்த எண்ணுக்குத்தானே வரும்?

கேமராவோடு வந்த பாஸ்வேர்டை அப்படியே விட்டுவைக்காதீர்கள். 2016-ல் ‘மிராய்’ என்கிற வைரஸ் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்தது இந்த ஒரு ஓட்டை வழியாகத்தான்.

இனி முக்கியமான விஷயம். சென்னையில் பகல் இரண்டு மணிக்கு யாரோ கேட் ஏறிக் குதிக்கிறார்கள் என்று வையுங்கள். செல்போன் ‘டிங்’ என்கும். கோடைக்காலமாக இருந்தால் நியூஜெர்சியில் அப்போது விடியற்காலை நாலரை. ராத்திரியெல்லாம் பேரக்குழந்தையைத் தூக்கி வைத்திருந்த பாட்டி அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பார். விழித்தே பார்த்தாலும் என்ன செய்வது? அமெரிக்காவிலிருந்து 100-ஐயோ 112-ஐயோ அழுத்தினால் நம்மூர் போலீஸ் வராது. உங்கள் ஏரியா காவல் நிலையத்தின் நேரடி எண்ணை 91 சேர்த்துப் பதிந்து வைத்திருக்க வேண்டும். வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறோம் என்று அங்கே முன்கூட்டியே சொல்லிவிட்டால் ரோந்து வரும்போது ஒரு பார்வை பார்ப்பார்கள். கேமராவை நீங்கள் மட்டும் பார்க்காமல், மகனும் பக்கத்து வீட்டு அண்ணாவும் பார்க்கும்படி ஆப்பில் ‘ஷேர்’ செய்துவிடுங்கள். கேமரா படம் பிடிக்கும், ஓடிப்போய்ப் பார்க்காது. அதற்குக் கால் உள்ள ஒருவர் ஊரில் வேண்டும். (நகை பேங்க் லாக்கரில் இருக்கட்டும். கேமராவை நம்பி பீரோவில் வைக்காதீர்கள்.)

ஸ்மார்ட் பிளக் தினமும் ஆறு மணிக்கு விளக்கைப் போட்டுப் பத்து மணிக்கு அணைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஆள் இருப்பதுபோலத் தோன்றும். நேரத்தை நாளுக்கு நாள் கொஞ்சம் மாற்றி வைத்தால் இன்னும் நல்லது. ஆனால், வாசலில் ஒரு மாதமாகக் கோலம் இல்லை, கேட்டில் நோட்டீஸ் குவிந்து கிடக்கிறது என்றால் உள்ளே எரிகிற விளக்கை யார் நம்புவார்கள்?

ஆகவே வீட்டு வேலை செய்யும் அக்காவை நிறுத்தாதீர்கள். பாதிச் சம்பளமாவது கொடுத்து, வாரத்துக்கு இரண்டு நாள் வரச் சொல்லுங்கள். வாசல் தெளித்துக் கோலம் போட்டு, கேட்டில் கிடப்பதை எடுத்துவிட்டால் போதும். சாவி கொடுக்கிற அளவு பழக்கம் என்றால், பாத்ரூமிலும் சமையலறையிலும் குழாயை ஒரு நிமிடம் திறந்துவிடச் சொல்லுங்கள். தண்ணீர் விழாமல் கிடந்தால் தரையில் இருக்கிற டிராப் காய்ந்து, அந்த வழியாக நாற்றமும் கரப்பான்பூச்சியும் மேலே ஏறும். இதைக் கண்டுபிடித்துச் சொல்கிற கருவி எதுவும் நம் வீடுகளில் இல்லை.

ஹாலில் கேமரா இருப்பதை அந்த அக்காவிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். தெரியாமல் படம் பிடிப்பது மரியாதை இல்லை. வாசல் கேமரா எதிர்வீட்டுக் கதவைப் பார்க்காதபடி திருப்பி வையுங்கள். ஆறு மாதத்துக்கு உங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ளப்போவது எதிர்வீட்டுக்காரர்தான்!