விற்கப்படும் விதிவிலக்குகள்

மும்பை காட்கோபரில் 17 உயிர்களைப் பலிவாங்கிய விளம்பரப் பலகை சரிந்து ஓராண்டுக்கும் மேல் கடந்துவிட்டது. 2024 மே 13 அன்று மாலை வீசிய புழுதிக்காற்றில், கிழக்கு விரைவு நெடுஞ்சாலையை ஒட்டிய சேடா நகரில் நின்றிருந்த இராட்சத இரும்புச் சட்டகம் அடியோடு பெயர்ந்து, கீழே இருந்த பெட்ரோல் பங்க்கின் மேல் விழுந்தது. வண்டிக்கு எரிபொருள் நிரப்ப வந்தவர்களும், திடீர் மழைக்கு அங்கே ஒதுங்கியவர்களும் அதனடியில் சிக்கினர். 70க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். பெட்ரோல் கிடங்கு இருந்த இடம் என்பதால் இரும்பை வெட்டும் கருவிகளைத் துணிந்து பயன்படுத்த முடியாமல் மீட்புப் பணி நாள்கணக்கில் நீண்டது.

விசாரணைக்காக மகாராஷ்டிர அரசு அமைத்த, ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி திலீப் போசலே குழுவின் பரிந்துரைகளை மாநில அமைச்சரவை 2025இல் ஏற்றுக்கொண்டது. 40 அடிக்கு 40 அடி என்ற அளவை மீறிய பலகைகளுக்கு இடமில்லை, கட்டடங்களின் மொட்டைமாடிகளில் பலகை கூடாது என்பவை அவற்றுள் முக்கியமானவை. வரவேற்கத்தக்க முடிவுதான். ஆனால், ஒன்றை மறந்துவிடலாகாது. 40 அடிக்கு 40 அடி என்பது புதிய விதியன்று. காட்கோபரில் பலகை எழுப்பப்பட்ட நாளிலும் மும்பை மாநகராட்சியின் விதி அதுவே. விதி இருந்தும் 120 அடிக்கு 120 அடியில் ஒரு பலகை எழுந்து நின்றது எப்படி என்பதே விடைகாண வேண்டிய கேள்வி.

அந்தப் பலகை மறைவாக நிற்கவில்லை. நாட்டின் மிகப் பெரிய விளம்பரப் பலகை என்று லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றிருந்தது. மாநகரின் மிகப் பரபரப்பான நெடுஞ்சாலையில் செல்லும் அமைச்சர்கள், அதிகாரிகள், நீதிபதிகள் அனைவரின் கண்ணிலும் பட்டது. கண்ணில் படுவதுதான் அதன் தொழிலே. சுற்றிலும் இருந்த மரங்கள் பலகையை மறைக்கின்றன என்பதற்காக நஞ்சூட்டிக் கொல்லப்பட்டதாகப் புகார்கள் எழுந்தன. மரங்கள் குறித்துப் புகார் பதிவானது, பலகை அசையவில்லை.

இதற்குக் காரணம் ஒரு விதிவிலக்கு. மும்பை மாநகராட்சிச் சட்டத்தின்படி விளம்பரப் பலகைக்கு மாநகராட்சி ஆணையரின் அனுமதி தேவை. அந்த நிலமோ ரயில்வே காவல்துறையின் வசம் இருந்தது. ‘ரயில்வே’ என்ற பெயரே மாநகராட்சியின் அனுமதியிலிருந்து விலக்களிக்கும் கவசமாகப் பயன்படுத்தப்பட்டது. விபத்துக்குப் பிறகு, அது தன்னுடைய நிலமே அல்ல என்று மத்திய ரயில்வே அறிவித்தது. ரயில்வே காவல்துறை என்பது மாநில அரசின் உள்துறையின்கீழ் வருவது. மாநகராட்சியோ, தான் அனுமதி தரவில்லை, கடிதம் அனுப்பியிருந்தேன் என்றது. அன்றைய ரயில்வே காவல் ஆணையர், காவல்துறைத் தலைமை இயக்குநர் அலுவலகத்தின் ஒப்புதல் இன்றித் தாமாகவே அனுமதி வழங்கினார் என்று கூறி மாநில அரசு அவரைப் பணியிடை நீக்கம் செய்தது. விளம்பர நிறுவனத்தின் இயக்குநர் கைது செய்யப்பட்டு, அவ்வாண்டே பிணையில் வெளிவந்தார். அவர் எந்தத் தலைவருடன் படம் எடுத்துக்கொண்டார் என்று மும்பையின் பெரிய கட்சிகள் ஒன்றையொன்று சாடிக்கொண்டன. மாநகராட்சி, காவல்துறை, ரயில்வே ஆகிய மூன்று அமைப்புகளுக்கு இடையில் இருந்த சட்டத்தின் இடுக்கில்தான் அந்தச் சட்டகம் ஊன்றப்பட்டிருந்தது.

விதியின் அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால் விதிவிலக்கின் பொருள் விளங்கும். 40 அடிக்கு 40 அடி என்றால் 1,600 சதுர அடி. 120 அடிக்கு 120 அடி என்றால் 14,400 சதுர அடி, ஒன்பது மடங்கு. அத்தனை பரப்பிலும் காற்று மோதும். உயரமும் கூடுவதால், பலகையை அடியோடு கவிழ்க்க முனையும் திருப்புவிசை ஏறத்தாழ 27 மடங்காகிறது. காற்றின் வேகம் இருமடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். கட்டுமானங்கள் தாங்க வேண்டிய காற்று வேகத்தை இந்தியத் தர நிர்ணயம் ஊர்வாரியாக வகுத்துள்ளது. மும்பைக்கு அது நொடிக்கு 44 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 158 கிலோமீட்டர். சரிந்த பலகையை ஆராய்ந்த விஜேடிஐ தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் அறிக்கையின்படி, அதன் அஸ்திவாரம் தாங்கக்கூடியது 49 கிலோமீட்டர் வேகத்தை மட்டுமே. அன்று வீசியது 87 கிலோமீட்டர். ஆகவே இது இயற்கைச் சீற்றமன்று. அரபிக்கடலோரத்தில் பருவமழைக்கு முன்பு ஆண்டுதோறும் எதிர்பார்க்கப்படும் காற்றுக்கே தாங்காத ஒன்று, பெட்ரோல் கிடங்கின் தலைமேல் நிறுத்தப்பட்டிருந்தது.

பெட்ரோல் பங்க்குக்கு அடையாளப் பலகை தேவை என்பதில் ஐயமில்லை. நிறுவனத்தின் பெயர், அன்றாட விலை, ‘புகை பிடிக்காதீர்’ என்ற எச்சரிக்கை ஆகியவை வாடிக்கையாளருக்கும் ஊழியருக்கும் பயன்படுபவை. தெருமுனைத் தேநீர்க் கடைக்கும் பெயர்ப்பலகை வேண்டும். அவற்றை எவரும் எதிர்க்கவில்லை. காட்கோபரில் எழுந்தது அந்த வகைப் பலகையன்று. கீழே நடக்கும் வணிகத்துக்கும் மேலே தொங்கும் விளம்பரத்துக்கும் தொடர்பே இல்லை. அங்கே விற்பனைக்கு வந்த சரக்கு, சாலையில் செல்வோரின் பார்வை. பரப்பு பெருகினால் வாடகை பெருகும். வாடகை பெருகினால் இன்னும் பெரிய சட்டகம் எழும். எரிபொருளுக்காக உரிமம் பெற்ற வளாகம், பாதுகாப்பு விதிகள் கடுமையாக இருக்க வேண்டிய இடம், விளம்பர வாடகைக்கான வெற்று மனையாக மாற்றப்பட்டது.

பெட்ரோல் பங்க்குகளை விளம்பர மேடையாக்குவதில் ஆட்சியாளர்களே முன்னோடிகள். பிரதமரின் படம் தாங்கிய பலகைகள் நாடெங்கும் பங்க்குகளில் நிறுத்தப்பட்டிருந்ததும், 2021 மார்ச்சில் தேர்தல் நடைபெறவிருந்த மாநிலங்களில் அவற்றை 72 மணி நேரத்துக்குள் அகற்றுமாறு தேர்தல் ஆணையம் உத்தரவிட நேர்ந்ததும் மறக்கக்கூடியவையல்ல. விலையேற்றத்தின் சுமையைத் தாங்கி எரிபொருள் வாங்க வருபவரின் கண்முன் ஆட்சியாளரின் படம் நிறுத்தப்பட்ட அதே இடத்தில்தான், தனியார் விளம்பரமும் பெருகியது.

காட்கோபர் தனித்த நிகழ்வும் அன்று. 2018 அக்டோபரில் புணேயில் ரயில்வே நிலத்தில் இருந்த பலகையின் சட்டகம், அகற்றும் பணியின்போது சாலைச் சந்திப்பில் நின்ற வாகனங்கள்மேல் விழுந்து 4 பேர் மாண்டனர். 2023 ஏப்ரலில் புணேயை ஒட்டிய பிம்ப்ரி சிஞ்ச்வட் பகுதியில், மழைக்கு ஒதுங்கியவர்கள்மேல் அனுமதியற்ற பலகை விழுந்து 5 பேர் இறந்தனர். அதே ஆண்டு ஜூனில் கோவை மாவட்டம் கருமத்தம்பட்டியில், பலகை பொருத்தும் பணியில் இருந்த 3 தொழிலாளர்கள் சட்டகம் சரிந்து உயிரிழந்தனர். இறந்தவர்கள் மழைக்கு ஒதுங்கியவர்கள், சிக்னலில் நின்றவர்கள், கூலிக்கு இரும்பில் ஏறியவர்கள். பலகையில் புன்னகைக்கும் முகங்களும் கீழே நசுங்கிய உடல்களும் ஒரே வர்க்கத்தைச் சேர்ந்தவையல்ல.

ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் ஒரே சடங்கு அரங்கேறுகிறது. இழப்பீடு அறிவிக்கப்படும், கைது நடக்கும், சில நாட்களுக்குப் பலகைகள் இறக்கப்படும், பிறகு புதிய கொள்கை என்ற பெயரில் அவை திரும்ப ஏறும். தில்லியில் சாலையோர அபாயப் பலகைகளை அகற்றுமாறு உச்சநீதிமன்றம் 1997இல் ஆணையிட்டது. பத்தாண்டுக்குப் பிறகு, 2007இல் வகுக்கப்பட்ட வெளிப்புற விளம்பரக் கொள்கையின் வழியே பலகைகள் திரும்பி வந்தன. நீதிமன்றத் தீர்ப்பால் மட்டும் இந்தத் தொழிலின் பசி அடங்குவதில்லை.

இந்தப் பசிக்குத் தீனி போடுவது ஆட்சியாளர்களின் பொருளாதாரக் கொள்கை. 2016இல் நிறைவேறிய 101ஆவது அரசமைப்புத் திருத்தம், ஜிஎஸ்டிக்காக மாநிலப் பட்டியலின் 55ஆவது இனத்தை நீக்கியது. விளம்பரங்கள்மீது வரிவிதிக்கும் அதிகாரம் மாநிலங்களிடமிருந்து, அதன்வழி உள்ளாட்சிகளிடமிருந்தும் பறிபோனது. மும்பை மாநகராட்சியின் முதன்மை வருவாயாக இருந்த நுழைவுவரியும் 2017இல் ஒழிந்தது. வரிவிதிக்கும் உரிமையை இழந்த உள்ளாட்சிக்கு எஞ்சியது உரிமக் கட்டணம் மட்டுமே. வரி என்றால் பலகை எத்தனை இருந்தாலும் விதியின்படி வசூலிக்கலாம். உரிமக் கட்டணம் மட்டுமே வருவாய் என்றால், உரிமங்களைப் பெருக்குவதே வருவாயைப் பெருக்கும் வழியாகிறது. ஒழுங்குபடுத்த வேண்டிய அமைப்பே விற்பனையாளராக மாறுகிறது.

பொதுத்துறைகளின் நிலையும் இதுவே. பயணச்சீட்டு அல்லாத வருவாயைத் தேடுமாறு 2017 முதல் ரயில்வே முடுக்கிவிடப்பட்டுள்ளது. 2021இல் ஒன்றிய அரசு அறிவித்த தேசிய பணமாக்கல் திட்டம் பொதுச்சொத்துகளிலிருந்து 6 லட்சம் கோடி ரூபாய் திரட்டுவதை இலக்காக வைத்தது. நிலையம், பாலம், சுவர் என ஒவ்வொன்றையும் ‘பணமாக்கு’ என்ற கட்டளை மேலிருந்து வரும்போது, கீழே இருக்கும் அதிகாரி அளவுநாடாவை எடுத்துச் சரிபார்ப்பார் என்று எதிர்பார்ப்பது வீண். லஞ்சம் நடந்திருந்தால் அதற்குத் தண்டனை வேண்டும். ஆனால், ஒருவரின் பேராசையாக மட்டும் இதைச் சுருக்கினால், அடுத்த காட்கோபருக்கு வழி திறந்தே இருக்கும்.

ஜனநாயகமின்மை இன்னொரு காரணம். மும்பை மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2022 மார்ச்சில் முடிந்தது. அன்று முதல் மூன்றாண்டுகளுக்கும் மேலாக, நாட்டின் பணக்கார மாநகராட்சியை மாநில அரசு நியமித்த நிர்வாகியே ஆண்டார். பலகை சரிந்த நாளில் அந்த வட்டாரத்துக்கு ஒரு மாமன்ற உறுப்பினர்கூட இல்லை. கேள்வி கேட்க மன்றக் கூட்டமும் இல்லை. நான்கு மாதங்களுக்குள் தேர்தலை நடத்தி முடிக்க முயலுமாறு 2025 மே 6 அன்று உச்சநீதிமன்றம் கூற வேண்டியிருந்தது. 74ஆவது திருத்தம் உள்ளாட்சிக்கு அளித்த உயிரை இப்படி ஒடுக்கிவிட்டு, அதன் விதிகள் மதிக்கப்படவில்லை என்று கண்ணீர் வடிப்பது போலித்தனம்.

இதே நகரங்களில் விதி எவ்வளவு கறாரானது என்பதை நடைபாதை வியாபாரியிடம் கேட்க வேண்டும். அவரது தள்ளுவண்டி ஓரடி வெளியே நீண்டாலும் மாநகராட்சி லாரி வந்து அள்ளிச் செல்கிறது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாத இடத்தை வியாபாரிகளுக்கே ஒதுக்குகிறது. அந்தச் சட்டம் ஏட்டில் உறங்குகிறது. நாலடி இடத்துக்குச் சட்டப்படி உரிமை பெற்றவருக்கு அது கிடைப்பதில்லை. 1,600 சதுர அடிக்கு மட்டுமே தகுதி உடையவருக்கு 14,400 கிடைக்கிறது. ஏழைக்கு விதியும் பணம் படைத்தவருக்கு விதிவிலக்கும் என்பதே நவதாராளமய நகரத்தின் எழுதப்படாத சட்டம்.

எனவே, கோரிக்கைகள் அளவுக் கட்டுப்பாட்டோடு நின்றுவிடக் கூடாது. ரயில்வே, காவல்துறை, துறைமுகம், பாதுகாப்புத்துறை என எவருடைய நிலமாயினும், பலகைக்கு உள்ளாட்சியின் அனுமதி கட்டாயம் என்று சட்டம் தெளிவாகச் சொல்ல வேண்டும். எரிபொருள் நிலையம், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிறுத்தம் ஆகியவற்றின்மேல் சாயக்கூடிய தூரத்தில் வாடகை விளம்பரச் சட்டகங்களே கூடாது. ஒவ்வொரு பலகையின் அளவு, அனுமதி நாள், உறுதிச்சான்று அளித்த பொறியாளர் ஆகிய விவரங்கள் அந்தப் பலகையிலேயே எழுதப்பட வேண்டும். அனுமதி அளித்தவரே விபத்துக்குப் பொறுப்பாக்கப்பட வேண்டும். பலகை பொருத்தும் தொழிலாளர்களுக்குக் கட்டுமானத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் பதிவும், பாதுகாப்புக் கருவிகளும், காப்பீடும் உறுதி செய்யப்பட வேண்டும். விளம்பரவரி விதிக்கும் உரிமை உள்ளாட்சிகளுக்குத் திரும்ப வேண்டும்.

இவற்றுக்காக ஆணைகள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மும்பையின் தாராவியிலும் தில்லியிலும் பெங்களூருவிலும் தமிழ்நாட்டு நகரங்களிலும் பணியாற்றும் தோழர்கள் தத்தம் வட்டாரத்தில் உள்ள பலகைகளைக் கணக்கெடுக்கலாம். அனுமதியும் உறுதிச்சான்றும் உண்டா என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். பங்க் ஊழியர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், நடைபாதை வியாபாரிகள் ஆகியோரின் சங்கங்களை இப்பணியில் இணைக்கலாம். அந்தச் சட்டகங்களின் நிழலில் நாள்முழுதும் நிற்பவர்கள் அவர்களே. எந்தப் பலகை காற்றில் ஆடுகிறது என்பது எந்த அதிகாரியைவிடவும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களது குரலை மாநகராட்சியின் வாசலுக்குக் கொண்டு சேர்ப்பது இடதுசாரி இயக்கத்தின் உடனடிக் கடமை.